மனம் நோயுற்ற துணையோடு இல்லறம்

திருமறையின் முப்பதாம் அத்தியாயம் இருபத்தோராம் வசனத்தில், கணவன் மனைவியரிடையே தான் வைத்திருக்கும் இரண்டு பொருள்களை அல்லாஹுத்தஆலா தன்னுடைய அத்தாட்சிகளில் ஒன்றாக எடுத்துச் சொல்கிறான். ஒன்று மவத்தத், மற்றொன்று ரஹ்மத். முன்னதை அன்பு என்றும் பின்னதை இரக்கம் என்றும் தமிழில் எழுதுவது வழக்கம். நிக்காஹ் மஜ்லிஸ்களில் இந்த வசனத்தை ஓதாத ஆலிம்கள் இல்லை. ஆனால், அன்பு என்ற ஒரு சொல் போதுமே, இரக்கம் என்று இன்னொன்றை ஏன் கூட்ட வேண்டும் என்று நின்று சிந்தித்தவர்கள் நம்மில் குறைவு. நாமும் சிந்தித்ததில்லை. மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு சகோதரியின் கேள்விதான் நம்மைச் சிந்திக்க வைத்தது.

சென்ற ஷவ்வாலில் ஒரு நாள் அஸருக்குப் பின் தம் தமையனோடு அவர் நம்மைக் காண வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கணவன் மனைவி இருவருடைய சம்மதமும் பெற்றே எழுதுகிறோம்.) கணவர் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதுபவர். மணமாகி ஒன்பது வருடம், இரண்டு குழந்தைகள். ரமலான் பிறந்ததிலிருந்து அவர் தராவீஹ் முடிந்தும் வீடு திரும்பாமல் பள்ளிவாசலிலேயே ஓதிக்கொண்டிருந்தார். சஹர் நேரம் வரை கண் மூடுவதில்லை. பகலிலும் உறக்கமில்லை. அப்படியும் களைப்பு என்பது இல்லை. 'மாஷா அல்லாஹ், என்ன இபாதத்!' என்று மஹல்லாவாசிகள் மெச்சினார்கள். மனைவி மட்டும் பயந்துகொண்டிருந்தார். நான்கு வருடங்களுக்கு முன்பும் இப்படித்தான் தொடங்கியது என்பது அவருக்குத் தெரியும்.

பதினைந்தாம் நோன்புக்குள் பேச்சு நிற்காமல் பெருகிவிட்டது. அடையாறில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று என ஏழு கடைகள் திறக்கப் போவதாகச் சொல்லி, ஏழைகளின் பெருநாள் உடுப்புக்கென்று ஐம்பது பேருக்குக் கடனில் துணி எடுத்தார். மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எங்கிருந்தோ மல்லிகைப் பூப்பந்தோடு வந்து, உறங்கிய பிள்ளைகளை எழுப்பி, உங்கள் அம்மாவைப் போல ஒரு பெண்ணை இந்தத் துன்யாவில் பார்க்க முடியாது என்று சொல்லி அழுதார். அதற்கு எட்டாம் நாள், மாத்திரையை நீட்டிய அதே மனைவியைப் பார்த்து மூன்று முறை தலாக் என்றார். பக்கத்து வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெருநாள் கழிந்து வீடு வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததோடு சரி. குளிப்பதில்லை, பேசுவதில்லை, ஜும்ஆவுக்கும் எழுந்து போவதில்லை.

தமையன் கேட்டது தலாக் நிகழ்ந்துவிட்டதா என்பதைத்தான். நாம் விசாரிக்க வேண்டியதை விசாரித்து, நிகழவில்லை என்றே தோன்றுகிறது, மூத்த உலமாக்கள் இருவரிடம் கலந்துவிட்டு உறுதி சொல்கிறோம் என்றோம். அதுவரை பேசாமல் இருந்த சகோதரி அப்போது கேட்டார்:

"ஹஜ்ரத், தலாக் சொன்னது அவங்க புத்தியில சொன்னதில்லைங்கறீங்க. அப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு மல்லிப்பூ வாங்கிட்டு வந்து சொன்னாங்களே, அதுவும் புத்தியில சொன்னதில்லையா?"

தமையன் கேட்டதற்குக் கிதாபில் பதில் உண்டு. தங்கை கேட்டதற்கு நமக்குத் தெரிந்த கிதாப் எதிலும் பதில் இல்லை. தெரிந்ததை முதலில் எழுதுகிறோம்.

நோய் எது, குணம் எது?

இந்நோயை மருத்துவர்கள் பைபோலார் என்கிறார்கள். தமிழில் இருதுருவ மனநோய் என்று எழுதுகிறார்கள். மனம் சில நாட்களோ வாரங்களோ அளவுக்கு மீறிக் கொந்தளித்து எழும். உறக்கம் குறையும், பேச்சு பெருகும், பணம் தண்ணீராய்ச் செலவாகும், தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற எண்ணம் வரும், இச்சையும் கோபமும் கட்டுமீறும். பின்பு அதே மனம் கிணற்றில் விழுந்த கல்லைப் போல் ஆழ்ந்து கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மாதக் கணக்கில், பலருக்கு வருடக் கணக்கில், அவர் நம் எல்லோரையும் போலவே இருப்பார். இந்த நடுக்காலத்தை வாசகர்கள் நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் சொல்லப்போவது முழுவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளானவர்கள் வயது வந்தோரில் ஏறத்தாழ 1000க்கு 5 பேர். ஜும்ஆவில் ஆயிரம் பேர் நிற்கும் பள்ளிவாசலில் ஐந்து பேர் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எந்த ஸஃப்பில் நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

இது ஈமானின் பலவீனம் என்று எண்ணுவோர் உண்டு. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து எழுதிய நூலில், துக்கத்தை இரண்டாகப் பிரித்தார். பொருளை இழந்தது, உறவை இழந்தது போன்று காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணமே தெரியாமல் வந்து கவியும் துக்கம் மற்றொன்று. பின்னது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடலுக்குரிய மருத்துவமே வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு முஸ்லிம் அறிஞர் விளங்கிக்கொண்டதை, இன்று நம் மிம்பர்களில் விளங்காமல் பேசுகிறோம்.

இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்றால், நாமே அப்படிப் பேசியவர்கள்தாம். ஸனது பெற்று வந்த புதிதில் ஓர் ஊரில் இமாமாக இருந்தபோது, ஒருவர் தம் மனைவியை அழைத்து வந்தார். இதே நோய். நாம் ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தோம். 'இனி மாத்திரை வேண்டாமே ஹஜ்ரத்?' என்று அவர் கேட்டபோது ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர் ஃபத்வாவாக எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணின் நிலை முற்றி, அவருடைய பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். அந்த இல்லறம் பிறகு சேரவில்லை. முதுமை ஒன்றைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை, ஆகவே வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை (அபூதாவூத், திர்மிதீ) நாம் ஏழு வருடம் பாடமாக ஓதியிருந்தோம். அன்று அது நம் நாவுக்கு வரவில்லை.

தலாக் என்ற சொல்

உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு. அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இது வருகிறது. இதை வைத்து ஃபிக்ஹு நூலார், புத்தி பேதலிப்பை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, இடைவிடாமல் நீடிப்பது. மற்றொன்று, விட்டு விட்டு வருவது. விட்டு விட்டு வருபவர், தெளிந்திருக்கும் காலத்தில் எல்லா வகையிலும் தெளிந்தவரே. அப்போது அவருடைய விற்பனையும் செல்லும், தலாக்கும் செல்லும், சாட்சியமும் செல்லும். புத்தி மறைந்த நேரத்தில் சொன்னது மட்டுமே செல்லாது. மருத்துவர்கள் சொல்லும் அந்த நடுக்காலத்தைச் சட்ட அறிஞர்கள் முன்பே கண்டு எழுதிவிட்டார்கள் என்பதைப் பார்க்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மனம் கொந்தளித்த நிலையில் உள்ளவர் தம் பெயரை அறிவார், மனைவியை அறிவார், சொல்லும் சொல்லின் பொருளையும் அறிந்திருப்பார். அவரைப் பைத்தியம் என்று சொல்ல முடியுமா? ஹனஃபீ மத்ஹபின் பிற்கால அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறார்கள். ஒருவருடைய சொல்லிலும் செயலிலும், அவருடைய வழக்கத்துக்கு மாறான குழப்பம் மிகைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிகைத்திருந்தால், தாம் சொல்வது இன்னதென்று அறிந்திருந்தாலும் அப்போதைய சொல் கணக்கில் வராது. மாஇஸ் (ரலி) அவர்கள் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு வந்து நின்றபோதும், இவருக்குப் புத்தியில் ஏதேனும் கோளாறு உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் அவருடைய கூட்டத்தாரிடம் விசாரித்தார்கள் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே இப்படி ஒரு வழக்கு வந்தால், 'எத்தனை முறை சொன்னார்?' என்பது முதல் கேள்வி ஆகாது. அந்த வாரம் எத்தனை மணி நேரம் உறங்கினார், என்னவெல்லாம் வாங்கினார், மற்ற நாட்களில் எப்படிப்பட்டவர், மருத்துவர் எந்தத் தேதியில் என்ன எழுதியிருக்கிறார் என்பவைதாம் முதலில் கேட்க வேண்டியவை. நாம் மேலே சொன்ன தம்பதிக்கு, மருத்துவமனைச் சீட்டும் பக்கத்து வீட்டார் மூவரின் சாட்சியமும் ஒத்துப்போயின. மூத்த உலமாக்கள் இருவரும் தலாக் நிகழவில்லை என்றே சொன்னார்கள்.

உடனே சிலர், எனக்கும் கோபம் வந்தால் கண் தெரியாது, என் தலாக்கும் செல்லாதல்லவா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். கோபப்படாமல் தலாக் சொன்னவர் உலகத்தில் யார்? இந்தச் சலுகை நோயாளிக்கு உரியது. நாவடக்கம் இல்லாதவருக்கு உரியதன்று. அதேபோல, நோய் உண்டு என்ற காரணத்தால், தெளிந்த காலத்தில் நிதானமாகச் சொன்ன தலாக்கும் செல்லாது என்றும் ஆகாது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை 2017இல் உச்ச நீதிமன்றமும் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதென்று ஆக்கியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆயினும் நம்மிடம் வருவோர், நீதிமன்றத்தின் விடையோடு அல்லாஹ்விடத்தில் தங்கள் நிலை என்ன என்பதையும் அறியவே வருகிறார்கள்.

ஆழ்ந்து சோர்ந்திருக்கும் காலத்தில் ஆபத்து வேறு வகையில் வரும். 'நான் உனக்குத் தகுதியில்லாதவன், நீ உன் அத்தா வீட்டுக்குப் போய்விடு' என்பார். இது ஜாடைச் சொல். தலாக்கின் நிய்யத் இருந்தால் ஒழிய தலாக் ஆகாது. சோர்வில் புத்தி பெரும்பாலும் மறைவதில்லை என்பதால், எழுதுகோல் உயர்ந்துவிட்டது என்று இங்கே எளிதாகச் சொல்லிவிட முடியாது. எனவே அந்த நேரத்தில், 'அப்படியென்றால் என்னை விட்டுவிடுகிறீர்களா?' என்று மனைவி வாயைக் கிளறக்கூடாது. அருகில் போய் உட்கார்ந்தால் போதும்.

பணமும் நல்ல வார்த்தையும்

நான்காம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம், பொருளை நிர்வகிக்கும் விவேகம் இல்லாதவர் கையில் பொருளைக் கொடுக்காதீர்கள் என்று கட்டளையிடுகிறது. அதோடு நிற்கவில்லை. அந்தப் பொருளிலிருந்து அவர்களுக்கு உணவளித்து, உடுத்தக் கொடுத்து, அவர்களிடம் நல்ல வார்த்தை பேசுங்கள் என்றும் சொல்கிறது. நம் குடும்பங்கள் முதற்பாதியைச் செய்கின்றன. ஏ.டி.எம். அட்டையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், கைபேசியில் பணம் அனுப்பும் வசதியை எடுத்துவிடுகிறார்கள். அது தேவைதான். ஆனால், 'உன் பவிசு தெரியாதா' என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிக்கொண்டே பிடுங்குகிறார்கள். வசனத்தின் பிற்பாதி அவர்களுக்கு மறந்துவிடுகிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பாவத்தை எழுதும் எழுதுகோல்தான் உயர்த்தப்பட்டது, கடன் உயர்த்தப்படவில்லை. புத்தி மறைந்தவர் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால், அவர் பொருளிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இது கடுமையாகத் தோன்றலாம். நமக்கென்னவோ இதில் நோயாளிக்கு ஒரு கண்ணியம் இருப்பதாகத் தோன்றுகிறது. நம் ஜவுளிக் கடைக் கணக்கர் தெளிந்த பின் துணிக்கடைக்காரரிடம் தாமே போய், திருப்பக்கூடிய துணிகளைத் திருப்பி, மீதிக்கு மாதத் தவணை பேசி வந்தார். அன்றுதான் அவர் நிமிர்ந்து நடந்தார் என்று அவருடைய மைத்துனர் சொன்னார்.

உறக்கமும் நோன்பும்

நம் வாசகர்கள் தவறாமல் அறிய வேண்டியது இது. இந்நோயைத் தூண்டிவிடுவதில் உறக்கக் குறைவுக்கு முதன்மையான பங்கு உண்டு என்கிறார்கள் மருத்துவர்கள். ரமலானிலோ இரவு வணக்கமும் சஹரும் சேர்ந்து உறக்கத்தைத் துண்டாக்கிவிடுகின்றன. அபுத்தர்தா (ரலி) அவர்கள் இரவெல்லாம் நின்று வணங்க முற்பட்டபோது, ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து உறங்கச் செய்து, இறைவனுக்கும் உம் உடலுக்கும் உம் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தைச் சொன்னதும், ஸல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்கள் ஒப்பியதும் புகாரியில் உள்ளது. இந்நோய் உள்ளவருக்கு உறக்கமும் மருந்துதான். அவர் தராவீஹ் தொழுகையை வீட்டிலேயே சுருக்கமாகத் தொழுது படுத்துக்கொள்வதால் எந்தக் குறையும் இல்லை. அவர் விடிய விடியப் பள்ளியில் இருந்தால், நாம் மாஷா அல்லாஹ் சொல்வதற்குப் பதிலாக வீட்டுக்கு அழைத்துப் போய் விட வேண்டும்.

மருந்துகளில் லித்தியம் என்பது ஒரு வகை உப்பு. 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் என்ற மருத்துவர் இதன் பயனைக் கண்டு எழுதினார். இன்றும் இந்நோய்க்கு இது முக்கிய மருந்தாக இருக்கிறது. உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் இதன் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். வலி மாத்திரைகளில் சிலவும் அப்படியே ஏற்றும். சென்னை வெயிலில் பகலெல்லாம் நீர் அருந்தாமல் இருப்பது எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே ஷஃபானிலேயே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மாத்திரையை எந்த வேளைகளுக்கு மாற்றலாம், இரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் கூடாதென்றால், நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை (2:184, 185) இவருக்கும் உரியது. பின்னர் நோற்க இயலுமானால் களா. என்றுமே இயலாதென்றால் ஃபித்யா. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு நோன்பு பிடிப்பது தக்வா ஆகாது. கருவுற விரும்பும் பெண்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. அதைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் கேடுதான்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். சென்னையின் தென்பகுதியில் இருப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை அடையாறை அடுத்துத்தான் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தைப் பழிச்சொல்லாகப் பயன்படுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். 1794இல் இந்நகரில் தோன்றிய பணியின் தொடர்ச்சி அது. 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை தாங்கிய மருத்துவர் சாரதா மேனன்தான், 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் தோன்றவும் காரணமானவர். சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் 1986 முதல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம்.

இவ்வளவு அருகில் வைத்தியம் இருந்தும், நம்மவர்களில் பலர் முதலில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்குத்தான் பயணச் சீட்டு எடுக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் எதிரிகளல்லர். பெற்றோரும் உடன்பிறந்தோரும் கணவன் மனைவியருமே. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் கூடாதென்று தடுக்கிறது. துஆ கேட்பதை நாம் தடுக்கவில்லை. துஆவை மருந்தின் இடத்தில் வைப்பதைத்தான் தடுக்கிறோம். நபி (ஸல்) அவர்களிடம் புத்தியில் சற்றுக் கோளாறுள்ள ஒரு பெண்மணி, உங்களிடம் எனக்கு ஒரு காரியம் இருக்கிறது என்று வந்தபோது, எந்தத் தெருவில் வேண்டுமோ நீயே சொல் என்று அவருடைய விருப்பத்துக்கு விட்டு, அவர் பேசி முடிக்கும் வரை வழியில் நின்று கேட்டார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்).

நிக்காஹ்வுக்கு முன்

'கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்' என்ற பழமொழியை மார்க்கச் சட்டம் போல் நம்பி, நோயை மறைத்து மணம் முடிக்கிறார்கள். மாத்திரைப் பட்டையைக் கிழித்துவிட்டு வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தனுப்பிய ஒரு தாயை நாம் அறிவோம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டபோது, இன்னாரிடம் பொருளில்லை, இன்னார் கைக்கம்பைக் கீழே வைக்காதவர் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள் (முஸ்லிம்). மறைக்காமல் சொல்வது புறம் பேசுவதாகாது. மறைத்தால், ஷாஃபிஈ மத்ஹபில் பித்து என்பது விட்டு விட்டு வருவதாயினும் நிக்காஹ்வை முறிக்கும் உரிமையை இரு தரப்புக்கும் தருகிறது. ஹனஃபீயில் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் அந்த உரிமையை மனைவிக்குத் தந்தார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், கணவன் இரண்டு வருடம் புத்தி பேதலித்திருந்தால் மனைவி நீதிமன்றம் போக வழி வைத்திருக்கிறது.

அறிந்து ஏற்றுக்கொள்பவர் நிலை வேறு. அடையாறிலிருந்து ஒரு மாணவி நமக்கு எழுதியிருந்தார். தாம் விரும்பும் இளைஞர் இந்நோய் உள்ளவர். அவரே அதைச் சொல்லி, மருத்துவரிடமும் அழைத்துச் சென்று காட்டினாராம். இப்படிப்பட்டவரை விரும்புவது அறியாமையா என்று கேட்டிருந்தார். நாம் எழுதிய பதில் சிறியது. தன் குறையைத் தானே வந்து சொல்லும் மாப்பிள்ளை இக்காலத்தில் எத்தனை வீட்டுக்கு வாய்க்கிறார்? உன் அத்தாவையும் அந்த மருத்துவரிடம் அழைத்துப் போ. பேச வேண்டியதைப் பெரியவர்களை வைத்துக்கொண்டு பேசு. ஆனால், அவர் கொந்தளித்திருக்கும் வாரத்தில் நிக்காஹ்வுக்கு அவசரப்படுத்தினால் சம்மதிக்காதே. இதை மஹல்லா நிர்வாகிகளுக்கும் சொல்கிறோம். நள்ளிரவில் வந்து நாளைக்கே எனக்கு நிக்காஹ் என்பவருடைய பெயரைத் தஃப்தரில் எழுதுவதற்கு முன் அவர் வீட்டாரைக் கேளுங்கள். முதல் மனைவி இருக்க, இன்னொருத்தியின் மீது திடீர்க் காதல் என்று வருபவரும் இதில் அடக்கம். உள்ளம் தெளிந்ததும் அவரே வெட்கப்படுவார். அதற்குள் இரண்டு பெண்களின் வாழ்வு எழுத்தில் ஏறிவிடும்.

பொறுமை என்றால் அடி வாங்குவது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். கை ஓங்கினால், மனைவி பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். அது கணவனுக்கு மாறு செய்ததாகாது. நோயாளியை அநியாயம் செய்வதிலிருந்து காப்பதும் அவருக்குச் செய்யும் உதவிதான். போனவர் திரும்பித்தான் ஆக வேண்டும் என்று நாம் வற்புறுத்தவும் மாட்டோம்.

அந்தச் சகோதரியின் கேள்வி

மல்லிப்பூ புத்தியில் வாங்கியதா? நாம் அன்று, யோசித்துச் சொல்கிறோம் தாயே என்றுதான் சொன்னோம்.

ஹிராவிலிருந்து நடுக்கத்தோடு வந்த நபி (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வரவேற்ற விதம் நம் நினைவுக்கு வந்தது. வஹீயை நோயோடு ஒப்பிடுவது மக்கத்துக் காஃபிர்களின் வேலை. அதைத் திருமறையே மறுத்துவிட்டது. நாம் பார்ப்பது மனைவியின் நடத்தையை மட்டும். அன்னையவர்கள் முதலில் போர்வையால் போர்த்தினார்கள். பிறகு, உறவைச் சேர்ப்பவர், ஏழைக்கு உதவுபவர், விருந்தோம்புபவர் என்று அவர்களுடைய நெடுநாளைய குணங்களை எடுத்துச் சொன்னார்கள். அதன் பின், அறிந்தவரான வரக்காவிடம் அழைத்துச் சென்றார்கள். கணவர் யார் என்பதை அந்த ஓர் இரவை வைத்து அன்னையவர்கள் முடிவு செய்யவில்லை. பதினைந்து வருட இல்லறத்தை வைத்து முடிவு செய்தார்கள். இப்னு ஆபிதீன் (ரஹ்) தலாக்குக்குச் சொன்ன அளவுகோலும் வழக்கம் என்பதுதானே. அன்புக்கும் அதே அளவுகோலை வைத்தால் என்ன என்று தோன்றியது. அந்த இரவின் பூவையும் அந்தப் பகலின் தலாக்கையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் இருக்கும் வருடங்களைப் பார்க்கலாம். மவத்தத் நோயோடு ஏறும், நோயோடு இறங்கும். இறங்கிய நாளில் வீட்டைத் தாங்குவதற்குத்தான் ரஹ்மத் என்று இரண்டாவது சொல் இருக்கிறது போலும். இதை ஃபத்வாவாகச் சொல்லவில்லை. நமக்குத் தோன்றியதைச் சொன்னோம்.

துல்ஹஜ் பிறந்த பின் கணவரே மனைவியோடு வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் தெளிவாக இருந்தார். மேற்சொன்னதை நாம் சொன்னபோது இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூ நினைவிருக்கிறதா என்று மனைவி கேட்டார். "ரெண்டும் ஞாபகம் இருக்கு" என்றார் அவர், தலை நிமிராமல். பூவையும் தலாக்கையும்தான் சொன்னார்.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. தெளிந்த நிலையில் இருக்கும்போதே, நோய் வந்தால் தமக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், தமக்காகப் பேச வேண்டியவர் யார் என்று ஒருவர் எழுதி வைக்கலாம். முறைப்படி எழுத மருத்துவர்கள் உதவுவார்கள். இவர்களும் அதை எழுதினார்கள். அதோடு வீட்டுக்கென்று தனியாக ஒரு தாளும் எழுதினார்கள். இரண்டு இரவு தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கினால், மனைவி என்னைக் கேட்காமலே மருத்துவரை அழைக்கலாம். அன்றே அட்டையும் கைபேசியும் அவர் கைக்குப் போக வேண்டும். கடைக்கு மைத்துனர் தகவல் சொல்ல வேண்டும். ரமலானில் இஷாவுக்குப் பின் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. இப்படி ஏழெட்டு வரிகள். கணக்கெழுதுபவர் அல்லவா, கோடு போட்டு, எண் இட்டு எழுதியிருந்தார்.

எல்லாம் முடிந்த பின் பேனாவைத் திரும்ப வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அந்த நாட்களில் நான் பூ வாங்கி வந்தால் வாங்கி வைத்துக்கொள், ஏசினால் வாங்கிக்கொள்ளாதே. மனைவி அதைப் படித்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தமையனிடம் நீட்டினார். சாட்சிகளாக அவரும் நாமும் கையொப்பமிட்டோம்.